அத்தை அழுத அழுகை

போன வாரம் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தகர உண்டியலைக் கொண்டுவந்தாள். அதன் மேல் ஒரு குழந்தையின் படம் ஒட்டியிருந்தது. மொட்டைத் தலை, மூக்கில் குழாய், நம்மையே பார்க்கும் கண்கள். நான் உடனே காசு போட்டுவிட்டேன். போட்ட கையோடு மனசுக்குள் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. அன்று முழுவதும் அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்திக்கொண்டே இருந்தது.

உங்களுக்கும் இது தெரியாததில்லை. நாம் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரிகள். அருப்புக்கோட்டை வெயிலில் பள்ளி வாசலில் வேனுக்காக நிற்கும்போது, போனில் வந்த படத்தை ஒருத்திக்கொருத்தி காட்டி, "பாவம்ல?" என்று கேட்டுக்கொள்கிறோம். அனுப்புவோமா, இது நிஜம்தானா என்று பேசுகிறோம். வேன் வந்ததும் கலைந்துவிடுகிறோம். எனக்கு மட்டும் அது கலைவதில்லை. கொடுத்தது சரிதானா, கொடுக்காமல் விட்டது யாரை என்று சோறு வடிக்கும்போதுகூட நினைத்துக்கொண்டிருப்பேன். "தக்காளி வாங்கவே நீ கடையைச் சுத்திச் சுத்தி வருவ, உன்னய வச்சுக்கிட்டு" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். இந்தச் சந்தேகம் எனக்குள் எப்போது புகுந்தது என்று எனக்குத் தெரியும். நான் நான்காம் வகுப்பு முடித்த கோடையில்.

எங்கள் ஊர் திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில், பஸ் போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அந்த வருஷம் ஐப்பசியும் பொய்த்து, கார்த்திகையும் பொய்த்தது. கோடை வந்தபோது கண்மாய்க்குள் நாங்கள் நடந்தே அக்கரைக்குப் போனோம். தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் உள்ளே கொஞ்சம் குளிர்ச்சி இருக்கும். அதற்காகவே நாங்கள் குப்புறப் படுத்துக் கையை விட்டுக்கொண்டு கிடப்போம். ஊரைச் சுற்றிக் கருவேலமரத்தை வெட்டிக் கரி மூட்டம் போட்டிருந்தார்கள். விவசாயம் இல்லாத வருஷத்தில் அது ஒன்றுதான் வேலை. அந்தப் புகை காயப்போட்ட துணியில் இருக்கும், குடிக்கிற தண்ணீரில் இருக்கும், அம்மா ஊட்டிவிடுகிற விரலில் இருக்கும். லாரித் தண்ணீர் வருகிற அன்று பிளாஸ்டிக் குடங்கள் ஊர்ப் பொதுவெளியான மந்தையிலிருந்து எங்கள் தெருமுனைவரை வரிசையில் நிற்கும். குடத்துக்குப் பதிலாகச் செருப்பை வைத்து இடம் பிடித்தவர்களும் உண்டு. அந்தச் செருப்புகளுக்காக நடந்த சண்டைகளைத் தனியாகவே எழுதலாம்.

அத்தை எங்கள் அப்பாவின் ஒரே தங்கை. உள்ளூரிலேயே, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். அந்தத் தெருவில் முதன்முதலில் மாடி வீடு கட்டியது மாமாதான். பருத்தி நன்றாக விளைந்த ஒரு வருஷத்தில் கட்டியது. பச்சை பெயின்ட், முன்னால் கம்பிக் கதவு, உள்ளே நுழைந்ததும் கூடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு நெல்லுக் குதிர். தெருவில் போகிற யாரும் கதவு வழியாக அந்தக் குதிரைப் பார்க்கலாம். பார்த்தவர்கள் எல்லோரும், அந்த வீட்டில் என்றைக்கும் நெல் இருக்கும் என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

அந்தக் குதிருக்குள் நான் ஒளிந்திருக்கிறேன். அதே கோடையில்தான். கண்ணாமூச்சி விளையாட்டில் அத்தை மகள் கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ண, நான் ஸ்டூல் போட்டு ஏறி உள்ளே குதித்தேன். காலில் ஒரு மணி நெல் குத்தவில்லை. அடியில் பழைய பத்தாம் வகுப்புப் புத்தகங்களும் ஓட்டைச் சல்லடையும் கிடந்தன. நான் பேசினால் குரல் கணீரென்று திரும்பி வந்தது. அந்த மகிழ்ச்சியில் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என் பாவாடையில் ஒட்டியிருந்த தூசிக்குத்தான் திட்டினாள். அவள் காதில் விழுந்தது அவ்வளவுதான்.

மாமா தண்ணீர் தேடித் தோற்ற மனிதர். கிணறு வற்றியதும் போர் போட ஆரம்பித்தார். சேலத்துப் பக்கமிருந்து பெரிய லாரி வந்து நின்று இரவும் பகலும் குடைந்தது. வெள்ளைப் புழுதி எழும்பிப் பருத்திச் செடிமேலெல்லாம் மாவு போலப் படிந்தது. தண்ணீர் வரவில்லை. அத்தையின் வளையல்கள் போயின. அடுத்த இடத்தில் குடைந்தார்கள். ரோட்டோர நிலம் போயிற்று. "போதும் மாப்ள, நிப்பாட்டுங்க" என்று அப்பா சொல்லிப் பார்த்தார். மாமா கேட்கவில்லை. "இம்புட்டு ஆழம் போயிட்டு இப்ப நிறுத்துனா, போட்டதெல்லாம் வீணாப் போகும்ல மச்சான்? இன்னும் ஒரு கம்பி இறங்கட்டும்" என்பார். போனது போய்விட்டது, இனிப் போவதையாவது காப்பாற்றுவோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஏற்கெனவே தொலைத்ததுதான் அவரை மேலும் தொலைக்கச் சொன்னது. கடைசியில் வடக்கே எங்கோ முறுக்குக் கடை வேலைக்கு என்று போனார். கொஞ்ச நாள் டீக்கடைக்குப் போன் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

ஆனால் மாடி வீடு மாடி வீடாகவே நின்றது. வறுமை வெளிச்சுவருக்கு வந்து நிற்பதில்லையே.

அத்தை மகள் என்னைவிடப் பெரியவள். அந்தக் கோடையில் பத்தாம் வகுப்பு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் நேராக அடுப்பங்கரைக்குத்தான் போவாள். "அத்தை, அடிப்பிடிச்ச சோறு இருக்கா? எனக்கு அதுதான் பிடிக்கும்" என்று என் அம்மாவிடம் கேட்பாள். அம்மா சிரித்துக்கொண்டே பானை அடியைச் சுரண்டிக் கொடுப்பாள். கறுப்பாக, மொறுமொறுப்பாக இருக்கும் அதை அவள் கண்ணை மூடிக்கொண்டு தின்பாள். "இது என்னடி பிள்ளத்தாச்சி மாதிரி ருசி உனக்கு?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்வாள். பிறகு அந்தத் தெருவிலேயே பழக்கமாகிவிட்டது. யார் வீட்டில் சோறு கருகினாலும், "மாடி வீட்டுப் பிள்ளைக்குப் பிடிக்கும்" என்று எடுத்து வைத்தார்கள். நல்ல சோற்றைக் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் கஞ்சர்களும் இல்லை. அதைத்தான் நான் உங்களுக்குச் சொல்லவந்தேன். அவர்களைப் போலக் கொடுக்கிற மனிதர்களை நான் பிறகு பார்த்ததே இல்லை.

ஏனென்றால் அந்தக் குழந்தையின் படம் எங்கள் ஊருக்கு வந்தது அப்போதுதான்.

டீக்கடைக்காரர் ஒரு நாள் பேப்பரிலிருந்து ஒரு படத்தைக் கத்தரித்து வடைப் பெட்டியின் கண்ணாடியில் ஒட்டினார். எங்கோ வடக்கு மாவட்டத்துக் குழந்தை. இருதயத்தில் ஓட்டை. தாயின் மடியில் படுத்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தது. டீ குடிக்க வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தபடிதான் வடையை எடுக்கவேண்டும். கரி மூட்டத்து ஆட்கள் கறுத்த முகத்தோடு வந்து நின்று அதைப் பார்த்தார்கள்.

"ஏலே, இது என் மக சாயல்ல இருக்குடா" என்றார் ஒருவர்.

"உன் மக இம்புட்டு அழகா? அவ உன் சாயல்ல கரிமூட்டை மாதிரில இருக்கா" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். கேலி செய்தவரும், கேலிக்கு ஆளானவரும் அன்றைய கூலியிலிருந்து எடுத்து, படத்துக்குக் கீழே வைத்திருந்த பால்பவுடர் டப்பாவில் போட்டார்கள். நான் வடை வாங்கப் போயிருந்தபோது என் கண்ணால் பார்த்தது இது.

ஊரே இளகிப்போனது. கோழி விற்றுக் கொடுத்தவர்கள் உண்டு. அம்மா எனக்குச் சின்னதாகிப்போன வெள்ளிக் கொலுசை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். "யாரு பெத்த பிள்ளையோ" என்று மூக்கைச் சிந்தினாள். அப்பாதான் நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு பஸ் ஏறி டவுனுக்குப் போய் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் அப்பா குளித்து, திருநீறு பூசி, வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்த உட்காரல் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கோயில் காரியம் முடித்தவர் போல இருந்தார்.

அந்தச் சாயங்காலம்தான் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். கஞ்சி போட்டுத் தேய்த்த வாயில் சேலை கட்டியிருந்தாள். தலையில் பூ இல்லாவிட்டாலும் வகிடு நேராக இருந்தது. கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். அப்பா டவுனுக்குப் போன கதையை முழுக்கச் சொன்னார். அத்தை "ம்" கொட்டிக் கேட்டாள். "நல்ல காரியம்ணே" என்றாள். அப்புறம் மாட்டுக்கு வைக்கோல் இருக்கிறதா என்று கேட்டாள். பிறகு சேலை நுனியைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள். இருட்டுவதற்குமுன் எழுந்தாள்.

"சரிண்ணே, வாரேன்."

அவள் போனதும் அம்மா சொன்னாள். "உங்க தங்கச்சி ஏதோ கேக்க வந்த மாதிரி இருந்துச்சுங்க."

"கேட்டா குடுக்க மாட்டோமா? அவளுக்கு என்ன குறை, குதிரும் மாடியுமா இருக்கா. இன்னைக்கு இல்லாதவுகளுக்குக் குடுத்துட்டுத்தான வந்து உக்காந்திருக்கேன்" என்றார் அப்பா.

பி.எட். படிக்கும்போது உளவியல் பாடத்தில் மனித மனத்தின் சாய்வுகளைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. மற்றவர்கள் பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்தார்கள். நான் அதை எங்கள் ஊர் வாசலில் உட்கார்ந்து படித்தது போலப் படித்தேன். தூரத்துக் குழந்தைக்கு ஒரு முகம் இருந்தது, ஒரு நோய் இருந்தது, அதைச் சொல்ல ஒரு பேப்பர் இருந்தது. அத்தைக்கு அவை எதுவும் இல்லை. மேலும், ஒரு முறை கொடுத்துவிட்ட மனசு தன்னை நல்ல மனசு என்று நம்பிவிடுகிறது. நம்பியபிறகு அது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் அப்பா கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இதையெல்லாம் யோசிக்க வேண்டியிருந்திருக்காது.

அடுத்த சில நாட்களில் ஷேர் ஆட்டோவில் ஒரு அம்மா எங்கள் ஊருக்கு வர ஆரம்பித்தாள். தோளில் பை, கையில் குடை. மேற்கே ஒரு நூல் மில்லுக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறவள். அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, மூன்று வருஷம் வேலை பார்க்கவேண்டும். முடிந்ததும் கல்யாணச் செலவுக்கு ஆகும்படி மொத்தமாகக் கொடுப்பார்கள் என்று சொன்னாள். நடுவில் வந்துவிட்டால் ஒன்றும் இல்லை. அவள் காலனிப் பக்கம் போனபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. மாடி வீட்டுக்குள் போனபோதும் யாரும் ஆச்சரியப்படவில்லை. தண்ணீர் குடிக்கப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பரீட்சை முடிவு வந்த அன்று அத்தை மகள் என்னைக் கண்மாய்க்குள் கூட்டிக்கொண்டு போனாள். கருவேல நெற்றுப் பொறுக்க என்று சொல்லித்தான். எங்கள் ஆடுகளுக்கு அது தீனி. அவள் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். திருச்சுழியில் பதினொன்றாம் வகுப்பு சேர்வதுதான் அவளுடைய ஒரே ஆசை. நர்சுக்குப் படிக்கப்போவதாக எனக்கு ஊசி போட்டுக் காட்டியிருக்கிறாள், கருவேல முள்ளால்.

"பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள அம்மாவுக்கு ஏதாச்சும் வழி கிடைச்சா பள்ளிக்கூடம். இல்லேன்னா மில்லு. வேன் வரும்" என்றாள்.

"எங்க அப்பாட்டக் கேளேன்."

"அம்மா கேக்காது. கேட்டுட்டா அப்புறம் கேட்ட வீடுன்னு பேரு ஒட்டிக்கிருமாம். எனக்கு மாப்பிள்ளை வராதாம்." குனிந்து நெற்றைப் பொறுக்கினாள். பிறகு, "அதுவாக் கேக்காது. நீங்களாப் பாத்துக் குடுத்தா வாங்கிக்கிரும்" என்றாள்.

நான் அன்றே அம்மாவிடம் சொன்னேன். சொன்ன இடம்கூட ஞாபகம் இருக்கிறது, அம்மி பக்கத்தில். அம்மா மிளகாய் அரைத்துக்கொண்டே சிரித்தாள். "மாடி வீட்டுப் பிள்ள மில்லுக்குப் போகுதாக்கும்! உன்னய நல்லாக் கிண்டல் பண்ணிவிட்டிருக்கா. அதையும் நம்பிக்கிட்டு வந்து நிக்கிறா பாரு."

அதற்குப்பிறகுதான் மழைச்சோறு எடுப்பது என்று ஊரில் முடிவானது. இது பழைய வழக்கம். மழை பொய்த்துப்போனால் ஊர்ப் பெண்கள் எல்லோரும் தலையை விரித்துப்போட்டு, கிழிந்த சேலையைக் கட்டிக்கொண்டு, வேப்பங்கொத்தும் ஓலைக்கொட்டானுமாக வீடு வீடாகப் பிச்சை கேட்கவேண்டும். நிலபுலன் உள்ள வீட்டுப் பெண்ணும் கேட்கவேண்டும். எந்த வீட்டுக்காரரும் இல்லை என்று சொல்லக்கூடாது. கம்பஞ்சோறோ, கேழ்வரகுக் கூழோ, உப்பில்லாமல் போடவேண்டும். எல்லாவற்றையும் மந்தையில் ஒன்றாகப் பிசைந்து, உள்ளங்கையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஒப்பாரி வைத்துக்கொண்டு, மூட்டை முடிச்சோடு ஊரை விட்டுப் போவதுபோல எல்லைவரைக்கும் போகவேண்டும். 'போகாதீக, மழை வந்துரும்' என்று ஆம்பளைகள் மறித்துத் திருப்பிக் கூட்டிவருவார்கள். இந்தக் கோலத்தைப் பார்த்து வானம் இரங்கும் என்று நம்பிக்கை. அந்த ஒரு நாள் மட்டும் எங்கள் ஊரில் பிச்சை கேட்பது கேவலம் இல்லை.

எங்கள் பெண்களுக்கு அது பாதி அழுகை, பாதித் திருவிழா. கிழிந்த சேலை இல்லாதவர்கள் இரவல் கேட்டு அலைந்தார்கள். "என் மாமியா சேலையக் கட்டிக்க, அதுல இல்லாத ஓட்டையா" என்றாள் ஒருத்தி. எதிர்வீட்டுச் சித்தி கூந்தலை விரித்துப்போட்டுக் கண்ணாடியில் பார்த்து, "ஐயையோ, நெசமாவே பிச்சைக்காரி மாதிரியே இருக்கேனே" என்று சிரித்துக்கொண்டே இருந்தாள். அழச்சொன்னால் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பெரும்பாலானவர்களுக்கும் அப்படித்தான். எச்சிலைத் தொட்டுக் கண்ணில் தடவிக்கொண்டார்கள்.

அத்தை ஒருத்திதான் அழுதாள்.

முதல் வீட்டு வாசலிலேயே அவள் குரல் எல்லோர் குரலையும் தாண்டி எழுந்தது. நான் சிறுமிகளின் கூட்டத்தோடு பின்னால் போய்க்கொண்டிருந்தேன். அத்தை மகள் என் கையைப் பிடித்திருந்தாள். அவள் உள்ளங்கை வேர்த்திருந்தது. அத்தை மார்பில் அடித்துக்கொண்டு பாடினாள். யாரும் சொல்லிக்கொடுத்த பாட்டு இல்லை அது.

"மாடி கட்டி வச்சோமே, மழைத்தண்ணி காணலையே. குதிரு கட்டி வச்சோமே, குருணை மணி காணலையே."

"ஆகா!" என்றார்கள் வாசலில் நின்ற ஆம்பளைகள். "என்னமா எடுத்துக் கட்டுறா!"

வீடு வீடாக வரவர அவளுடைய குரல் உடைந்துகொண்டே வந்தது. பின்னால் வந்த பெண்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டு அவளுக்கு ஒத்துப்பாட ஆரம்பித்தார்கள். சிலருக்கு நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது. நல்ல ஒப்பாரிக்கு வருகிற கண்ணீர்.

எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அப்பா கட்டிலிலிருந்து எழுந்து நின்றார். அம்மா கூழ்ப்பானையோடு வந்தாள். அத்தை எங்கள் அம்மாவை என்றைக்கும் மதினி என்றுதான் கூப்பிடுவாள். அன்று, "தாயே, மகராசி" என்றாள். அம்மாவுக்கு வெட்கத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை படியில் மண்டியிட்டாள்.

"பெத்த பிள்ளைய பரதேசம் அனுப்ப வச்சிராதீக, தாயே. ஒத்தைக்கு ஒத்தைப் பிள்ளைய ஊரை விட்டு அனுப்ப வச்சிராதீக. உங்க வாசல விட்டா எனக்குப் போக்கிடம் இல்ல."

என் கையைப் பிடித்திருந்த கை இறுகியது. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பாவின் கண்கள் பளபளத்தன. சுற்றி நின்றவர்களைப் பெருமையோடு ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எங்க தங்கச்சி சினிமாவுல சேந்திருந்தா எங்கயோ போயிருப்பாய்யா!"

அம்மா ஒரு அகப்பைக் கூழை ஊற்றினாள். பிறகு அவ்வளவு நன்றாக அழுததற்காக இன்னொரு அகப்பையும் ஊற்றினாள்.

மந்தையில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்தார்கள். உப்பில்லாத சோற்றை மற்றவர்கள் முகத்தைச் சுளித்து ஒரு வாய் தின்றுவிட்டுக் கையைத் தட்டினார்கள். அத்தையும் அவள் மகளும் தின்றுகொண்டே இருந்தார்கள். அத்தை பூவரச இலையில் ஒரு உருண்டையைப் பொதிந்து மடியில் வைத்தபோது எதிர்வீட்டுச் சித்தி பார்த்துவிட்டாள். "ஏய், மழைச்சோத்த வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது! மழை வராமப் போயிரும், காக்காய்க்கு வையி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நினைவூட்டுகிற மாதிரிதான் சொன்னாள். அத்தை அதைக் கண்மாய்க் கரையில் வைத்தாள். அதன்பின் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எல்லையைப் பார்த்து நடந்தார்கள். ஆம்பளைகள் மறித்தார்கள். எல்லோரும் திரும்பினார்கள். அத்தையை மட்டும் இரண்டு பேர் தோளைப் பிடித்துத் திருப்பவேண்டியிருந்தது. அதற்கும் பாராட்டினார்கள்.

நாலைந்து நாள் கழித்து, பள்ளிக்கூடம் திறப்பதற்குமுன், விடிந்தும் விடியாமலும் வேன் வந்தது. நான் தண்ணீர் லாரிக்கு இடம் பிடிக்கக் குடத்தோடு மந்தைக்குப் போயிருந்தேன். அதனால்தான் பார்த்தேன். காலனியிலிருந்து மூன்று பிள்ளைகள் ஏறினார்கள். கடைசியாக அத்தை மகள் ஏறினாள். ஒரு துணிப்பை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஊசி போட வரமாட்டேன், பயப்படாத" என்றாள். அத்தை வேனின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. வேன் கிளம்பும்போது கம்பியை விட்டாள், அவ்வளவுதான். இந்த முறை நான் வீட்டில் சொல்லவில்லை.

அவள் கதை உங்களுக்குப் புதிதாக இருக்காது. மூன்று வருஷம் முடிவதற்குமுன் நெஞ்சில் பஞ்சு அடைத்து இருமலோடு திரும்பி வந்தாள். நடுவில் வந்ததால் மொத்தமாக வரவேண்டியது எதுவும் வரவில்லை. எம்.ரெட்டியபட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டாவது பிள்ளைக்குப்பிறகு மூச்சுத்திணறலிலேயே போய்விட்டாள். இப்போது நாம் இருக்கிற வயசுகூட அவளுக்கு ஆகவில்லை. டீக்கடைக் கண்ணாடியிலிருந்த குழந்தை பிழைத்ததா என்று நான் அப்பாவிடம் பின்னாளில் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. ஊரில் யாருமே விசாரிக்கவில்லை. கொடுத்ததோடு அந்தக் கதை முடிந்துவிட்டிருந்தது.

வேன் போன அன்று சாயங்காலமே மழை வந்தது.

தெற்கே கறுத்து, புழுதி வாசம் கிளம்பி, கரி மூட்டத்துப் புகையையெல்லாம் அமுக்கிக்கொண்டு சரசரவென்று இறங்கியது. கோடை மழைதான், ஒரு மணி நேரம்கூடப் பெய்திருக்காது. ஊரே தெருவில் நின்று நனைந்தது. முந்தைய வருஷங்களில் மழைச்சோறு எடுத்தும் மழை வராமல் போனது யாருக்கும் நினைவில்லை. இந்த ஒன்று போதுமாக இருந்தது. வந்த மழைக்கு ஒரு காரணம் வேண்டும், காரணம் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது.

"மாடி வீட்டுக்காரி அழுத அழுகைக்கு மானமே தாங்கலப்பா!"

மழை விட்டதும் பெண்கள் கூட்டமாக அத்தை வீட்டுக்குப் போனார்கள். நானும் அம்மாவோடு போனேன். யாரோ பித்தளைப் பானை நிறையச் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். யாரோ கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார்கள். அரிசி, பருப்பு, கருப்பட்டி, வெற்றிலைபாக்கு. அப்பா ஒரு புதுச் சேலையை எடுத்துவந்திருந்தார். எதிர்வீட்டுச் சித்தி அத்தையின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். ஒரு மாதத்துக்கு அந்த வீட்டில் உலைக்கு அரிசி தேடவேண்டிய தேவை இருந்திருக்காது. அத்தனையையும் குதிருக்கு முன்னால் தரையில் வரிசையாக வைத்தார்கள். அத்தை ஒவ்வொருவர் கையிலிருந்தும் இரண்டு கையாலும் வாங்கினாள்.

"மகளை எங்க காணோம்? கூப்பிடு, சூடா ஒரு வாய் சாப்பிடட்டும்" என்றாள் அம்மா.

"அவ மில்லுக்குப் போயிட்டா மதினி. காலையில வேன்ல."

மாடியிலிருந்து மழைத்தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒருத்தி, "பிள்ள வெளியூர் பாக்க ஆசைப்பட்டிருக்கும்" என்றாள். இன்னொருத்தி, "ஆமா, கூட்டாளிக போகுதுகன்னு போயிருக்கும்" என்றாள். எல்லோரும் அதை உடனே நம்பினார்கள்.

அப்பாவுக்கு மட்டும் முகம் மாறியது. கையிலிருந்த சேலையை இன்னும் கொடுத்திருக்கவில்லை.

"ஏத்தா, பிள்ளைய எதுக்கு அனுப்புன? அண்ணன்னு நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா?"

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே கொண்டுபோக எடுத்த பொங்கல் பானை அவள் இடுப்பில் இருந்தது.

"கேட்டேனேண்ணே. உங்க வாசல்ல வந்து, படியில முட்டிபோட்டுக் கேட்டேனே."

எதிர்வீட்டுச் சித்திதான் முதலில் சிரித்தாள். "பாருங்கடி இவள! இன்னும் அந்த வேஷம் கலையல!" என்று அத்தையின் தோளில் தட்டினாள். அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்சம் தாமதித்து அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சேலையை நீட்டினார்.

அத்தை பானையை இறக்கி வைத்தாள். சேலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வந்தவர்கள் உட்காரப் பாய் எடுக்க உள்ளே போனாள்.